அவளை யார் கேட்டார்கள்?

ஓர் அறிபுனையில் நாயகி செத்துப் பிழைத்துவிட்டால் போதும், நம் விமர்சகர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை முதலில் வந்து இறங்கும். பின்னாலேயே தீக்குளித்து மீண்ட சீதை வருவாள், வேள்வித் தீயில் பிறந்த திரௌபதி வருவாள். பக்கம் மிச்சமிருந்தால் கண்ணகியும் வருவாள். கடைசிப் பத்தியில் 'தொன்மக் குறியீடு' என்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது. ஜோசப் காம்ப்பெல் 1949இல் எழுதிய 'ஆயிரம் முகங்கொண்ட நாயகன்' நூலைப் படித்தவர்களும், படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் இதே தடத்தில்தான் நடக்கிறார்கள்: புறப்பாடு, சோதனை, மரணம், உயிர்ப்பு. பேருந்து நிறுத்தங்களைப் போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம்.

நானும் அந்தப் பேருந்தில் பயணம் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்தைப் பார்த்த மயக்கத்தில், அதன் நாயகி ஹரியை மரணத்தை வென்ற பெண் தெய்வமாக்கி ஒரு கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இன்று அதைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. கட்டுரை முழுக்கத் தெய்வங்கள் நிரம்பியிருக்கின்றன. ஹரிதான் அதில் இல்லை.

ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய நாவல், 1972இல் படமாயிற்று. கிரிஸ் கெல்வின் என்ற உளவியலாளர் சோலாரிஸ் கோளின் ஆய்வு நிலையத்துக்குப் போகிறார். அந்தக் கோளைச் சூழ்ந்திருக்கும் கடல் மனிதரின் நினைவைத் துழாவி, அதில் புதைந்திருப்பவர்களை உருவமாக்கி அனுப்புகிறது. பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவருடைய மனைவி ஹரி, உறங்கி எழும்போது எதிரே இருக்கிறாள். அவள் உடுத்தியிருக்கும் ஆடையைக் கழற்ற வழியில்லை. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆடை எப்படித் தெரிந்தது என்பதுதான் கணவனின் நினைவில் தங்கியிருந்தது போலும். உடுத்தியவளுக்கு அதைக் கழற்றவும் வேண்டியிருக்கும் என்பது அந்த நினைவில் இல்லை. முதலில் வந்த ஹரியை அவர் ராக்கெட்டில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுகிறார். மறுபடியும் ஒருத்தி வருகிறாள். தான் யாருடைய குற்றவுணர்ச்சியின் நகல் என்பதை மெல்லப் புரிந்துகொள்ளும் அவள் திரவ ஆக்சிஜனைக் குடிக்கிறாள். அப்போதும் அவளைச் சாக விடாமல் உடல் தானாகவே உயிர்த்துக்கொள்கிறது. கடைசியில் கெல்வினுக்குத் தெரியாமல் மற்ற விஞ்ஞானிகளிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கடிதத்தை விட்டுவிட்டு மறைகிறாள்.

இதில் 'உயிர்ப்பு' என்று நாம் கொண்டாடுவது எது? அவள் வந்தது அவளுக்காக அல்ல. ஒருவனுடைய உறுத்தல் ஓர் உருவம் எடுத்தது, அவ்வளவுதான். திரவ ஆக்சிஜனுக்குப் பின் உடல் துடித்து எழும் காட்சி படத்திலேயே மிகக் கொடூரமான காட்சி. அதற்குத்தான் நான் ஃபீனிக்ஸ் சிறகு ஒட்டி அழகு பார்த்திருக்கிறேன்.

'ஏலியன்' படங்களின் ரிப்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் வந்த மூன்றாம் படத்தில், தன் உடலுக்குள் வளரும் வேற்றுயிர் பிறந்துவிடக் கூடாதென்று உலையில் குதித்துச் சாகிறாள். 1997இல் வந்த நான்காம் படத்தில் இருநூறு ஆண்டுகள் கழித்து அவளுடைய இரத்த மாதிரியிலிருந்து அவளைப் படியெடுக்கிறார்கள். அவள்மேல் உள்ள அன்பினால் அல்ல. அவள் எதை அழிக்கச் செத்தாளோ, அது இராணுவத்துக்குத் தேவைப்படுகிறது. இவள் எட்டாம் நகல். தனக்கு முன் செய்து தவறிப்போன ஏழு பேரை ஓர் அறையில் பார்க்கிறாள். ஏழாமவள் உருக்குலைந்து உயிரோடு கிடக்கிறாள், தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறாள். அந்த அறையைப் பார்த்த பிறகும் 'மறுபிறப்பின் படிமம்' என்று ஒருவர் எழுதுவாரானால், அவர் பார்த்தது படத்தை அல்ல, தன் கைக்குறிப்பேட்டை.

இவையெல்லாம் அண்மைக்கால விபரீதங்கள் என்று தள்ளிவிட முடியாது. இந்த வகைமையின் தாயாகக் கருதப்படும் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. தான் படைத்த உயிருக்கு ஒரு துணையைச் செய்து தர ஒப்புக்கொண்ட விக்டர், பாதியில் அவளைக் கிழித்து எறிகிறான். அவன் அஞ்சும் காரணங்களுள் ஒன்று: தான் உண்டாவதற்கு முன் யாரோ இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அவள் உடன்பட மறுத்துவிடலாம். அறிபுனை தன் முதல் அடியிலேயே கண்டுகொண்ட கேள்வி இது. அதைத்தான் நாம் தொன்மம் என்ற சால்வையைப் போர்த்தி மறைக்கிறோம்.

தொன்மத்தை ஒதுக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் சொல்வது நேர்மாறானது. தொன்மத்தை நீங்கள் அரைகுறையாகப் படிக்கிறீர்கள் என்பதே என் வழக்கு.

நான் பிறந்து வளர்ந்த தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது, வடக்கே ஜெயங்கொண்டம். இந்தப் பக்கத்து ஊர்களிலும், பொதுவாகத் தமிழ்நாடு முழுவதும், மாரியம்மனைத் தலை மட்டுமாக வைத்து வணங்கும் வழக்கம் உண்டு. உடல் எங்கே என்று சிறுவயதில் கேட்டால் ரேணுகையின் கதையைச் சொல்வார்கள். மகாபாரதம் சொல்லும் கதை சுருக்கமானது: ஜமதக்னி ஆணையிட, மகன் பரசுராமன் தாயை வெட்டுகிறான். பிறகு வரமாகத் தாயின் உயிரைக் கேட்கிறான். கூடவே இன்னொன்றும் கேட்கிறான்: தான் கொல்லப்பட்டது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது. இன்றைய அறிபுனைகளில் வரும் நினைவழிப்பு எந்திரங்களெல்லாம் இந்த வரத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

ஆனால் ஊர் அந்த மறதியை ஏற்கவில்லை. ஊர் சொன்ன கதையில், வெட்டுண்ட தலை அவசரத்தில் வேறொருத்தியின் உடலில், அதுவும் தாழ்த்தப்பட்ட குலத்தவள் என்று கதை சொல்லும் ஒருத்தியின் உடலில், பொருத்தப்பட்டுவிடுகிறது. எழுந்தவள் பழைய ரேணுகை அல்லள். எந்த வரத்தாலும் சரிசெய்ய முடியாத தழும்பு அவள் கழுத்தைச் சுற்றி ஓடுகிறது. தலையை மட்டும் கும்பிடுகிற ஒவ்வொரு கும்பிடும், வெட்டியதை நாங்கள் மறக்கவில்லை என்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது. விமர்சகர்கள் கையாள்வது வரம் கேட்ட மகனின் தொன்மத்தை. ஊர் வைத்திருப்பது வெட்டுப்பட்டவளின் தொன்மத்தை. இரண்டையும் ஒரே 'குறியீடு' என்று ஒரு மூட்டையில் கட்ட முடியாது.

நவீனத் தமிழ் இலக்கியத்துக்கும் இது புதிதல்ல. புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதினார. இராமனின் கால் தூசி பட்டு அகலிகை உயிர்க்கிறாள். காம்ப்பெல் வழியில் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். உயிர்த்தவள் இனி எங்கே, யாரோடு, எப்படி வாழ்வது? சீதையை இராமன் தீக்குளிக்க வைத்ததைச் சீதையின் வாயாலேயே கேட்டபின், தனக்கு உயிர் தந்தவனைக் காண அகலிகை வெளியே வரவில்லை. இறுதியில் மறுபடி கல்லாகிறாள். லெம் சோலாரிஸை எழுதுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, உயிர்ப்பித்தவர்களின் உலகத்தில் தனக்கு இடமில்லை என்று கண்டுகொண்ட ஒருத்தி தமிழில் இருந்தாள். ஹரியைப் பற்றி எழுதியபோது எனக்கு அவள் நினைவுக்கு வரவில்லை. கிரேக்கப் பறவைதான் வந்தது.

இப்படியென்றால் திரும்பி வருகிற பெண்ணுக்குக் கதி மறுசாவு ஒன்றுதானா? இல்லை. அதற்கும் நம்மிடம் கதை இருக்கிறது. மயிலாப்பூரில் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறக்கிறாள். எலும்பும் சாம்பலும் குடத்தில் வைக்கப்படுகின்றன. திருஞானசம்பந்தர் வந்து பாட, அவள் எழுகிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைக்கும் இந்த நிகழ்ச்சியைப் படியெடுப்புக்கு முன்னோடி என்று மேடையில் கைதட்டல் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்தப் பதிகத்தைப் படித்ததில்லை என்று துணிந்து சொல்வேன். பதிகம் சாம்பலுக்கு ஆணையிடவில்லை. அவளோடு பேசுகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் விழாக்களை அவள்முன் வைத்து, இவற்றைப் பாராமலே போவதா என்று அவளையே வினவுகிறது. உலகம் இத்தனை அழகாயிருக்கிறது, வருகிறாயா என்று செத்தவளிடம் கேட்கிற பாட்டு அது. எழுந்தவளைத் தகப்பன் மணமுடித்துத் தர முன்வந்தபோது, உயிர் தந்ததால் அவள் தனக்கு மகள் என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். உயிர்ப்பித்ததற்கு அவளையே விலையாகப் பெறவில்லை. அவள் உள்ளத்தை அவள் வாயாலேயே சேக்கிழாரும் சொல்ல வைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் கேள்வி கேட்கப்பட்டது.

'மேட்ரிக்ஸ்' தொடரிலும் இதே பாடம் இருக்கிறது. 2003இல் வந்த இரண்டாம் படத்தில் நின்றுபோன டிரினிட்டியின் இதயத்தை நியோ தன் கையால் இயங்கச் செய்கிறான்; அவன் அவளை இழக்கத் தயாராக இல்லை. அதே ஆண்டு மூன்றாம் படத்தில் இறந்தவளை, 2021இல் வந்த நான்காம் படத்தில் எந்திரங்கள் தம் தேவைக்காக மீண்டும் உருவாக்கி, வேறு பெயரும் குடும்பமும் கொடுத்து உட்கார வைத்திருக்கின்றன. அந்தப் படத்துக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அதில் நியோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று எதிரியோடு பேரம் பேசுகிறான். தயங்கிவிட்டுத் தன் பெயரைத் தானே மீட்டுக்கொண்டு அவள் வருகிறாள். மூன்று படங்களின் சிலுவைகளும் ஒளிவட்டங்களும் செய்யாத வேலையை ஒரு கேள்வி செய்துவிட்டது.

'பொழுதுபோக்குப் படங்களுக்கு இத்தனை ஆத்திரமா?' என்று கேட்கலாம். ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவில் ஓர் அக்கா, புகுந்த வீட்டுத் துன்பம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். பெரிய மருத்துவமனையில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தாள். தெருவே திரண்டு பார்த்தது. "மறுபிறவி எடுத்து வந்திருக்கா, இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். மாரியம்மனுக்கு வேண்டுதல் நிறைவேற்றி, புதுப்புடவை கட்டி, அதே வீட்டுக்கு அனுப்ப நாளும் பார்த்துவிட்டார்கள். அந்தச் சொல் அத்தனை வசதியாக இருந்தது. மறுபிறவி என்று சொல்லிவிட்டால் முற்பிறவியில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. பரசுராமன் கேட்ட வரத்தைத் தெரு தானே எடுத்துக்கொண்டது.

அவள் என் அம்மாவிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "எல்லாரும் எப்படி இருக்கேன்னு கேட்டாங்க அத்தை. என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல." அம்மா கேட்டாள். அந்த வீட்டுக்குப் போகமாட்டேன், வேலைக்குப் போகிறேன் என்றாள். பெரிய சண்டைக்குப் பிறகு திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். இன்று பேரன் பேத்தி எடுத்து அங்கேயே இருக்கிறாள். அவள் வேண்டியது சாவை அல்ல. தன்னை யாராவது கேட்க வேண்டும் என்பதைத்தான்.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை ஓர் அறிபுனை நாயகி செத்துப் பிழைக்கும்போது சற்றுப் பொறுங்கள். அவளை அழைத்தது யார், என்ன தேவைக்கு, நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். வர விருப்பமா என்று அவளிடம் யாரேனும் கேட்டார்களா என்றும் பாருங்கள். ஃபீனிக்ஸ் பறவை அதுவரை காத்திருக்கட்டும்.