கடல் கடந்து வந்த கார், கடக்காத கையேடு

டிரினிடாட் தீவில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் காரை வாங்கி முதன்முறையாக இயக்கும்போது, அது பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் பேசத் தொடங்குகிறது. சுங்கக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு முறையிடும். ஜப்பானின் விரைவுச்சாலைகளுக்கென்றே உருவான அட்டை அது. அதை ஏற்கும் சுங்கச்சாவடி எதுவும் அத்தீவில் இல்லை. வானொலியைத் திருப்பினால் ஒன்றிரண்டு நிலையங்கள் மட்டுமே கிடைக்கும். ஜப்பானின் பண்பலை வரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்து, பின்னாளில் 95 வரை நீண்டது. டிரினிடாட்டின் வரிசையோ 88 முதல் 108 வரை. இவையெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடிய சிறு தொல்லைகள். ஆனால் அதே திரையில், அதே மொழியில், மின்கலம் சூடேறிவிட்டது என்ற எச்சரிக்கை தோன்றும் நாளும் வரும். அன்று அது சிரிப்புக்குரிய செய்தியாக இராது.

இயந்திரத்தை இறக்குமதி செய்வது வேறு, அதைக் குறித்த அறிவை இறக்குமதி செய்வது வேறு. முன்னதற்கு வரி விகிதமும் ஒதுக்கீடும் உரிமமும் உண்டு. பின்னதற்கு எந்த நாட்டின் சுங்கத்துறையிலும் ஓர் அட்டவணை கிடையாது. கரீபியக் கடலில் சுமார் 14 லட்சம் மக்கள் வாழும் டிரினிடாட் டொபாகோ, இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டும் நாடு.

நூறாண்டுகளுக்கும் மேலாக நிலத்தடி எண்ணெய் எடுத்துவரும் நாடு அது. அங்கே எரிபொருளை மிச்சப்படுத்தும் காருக்கு என்ன தேவை என்ற கேள்வி இயல்பாக எழும். விடை விலைப்பட்டியலில் இருக்கிறது. அரசு மானியத்தால் நெடுங்காலம் லிட்டர் 2.70 டிரினிடாட் டாலருக்குக் கிடைத்த சாதாரண பெட்ரோல், மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டதால் 2018இல் 4.97 டாலராகவும், 2022இல் 6.97 டாலராகவும் ஆயிற்று. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு. இதற்கிடையே 2018இன் இறுதியில் புவான்ட்-ஆ-பியேர் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. எண்ணெய் எடுக்கும் நாடு பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கும் நாடாகவும் ஆனது. போர்ட் ஆஃப் ஸ்பெயினை நோக்கிக் காலையில் ஊர்ந்து செல்லும் நெடுஞ்சாலை நெரிசலைக் கண்டவர்களுக்கு எஞ்சியதைச் சொல்ல வேண்டியதில்லை. நின்று நின்று நகரும் போக்குவரத்தில்தான் ஹைபிரிட் காரின் சிக்கனம் மிகுதியாக வெளிப்படும்.

அரசும் சில ஆண்டுகள் ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை தந்து இந்த விருப்பத்தை வளர்த்தது. பின்னர், அந்நியச் செலாவணி கரைகிறது என்ற கவலை மேலோங்கியபோது, 2020 அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் அச்சலுகையைத் திரும்பப் பெற்றது. கொடுத்ததும் பறித்ததும் சரியா தவறா என்பது பற்றி அங்கே நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டு முடிவுகளிலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றித்தான் போதிய பேச்சில்லை. வந்திறங்கிய கார்களைப் பத்தாண்டுகள் பாதுகாப்பாக ஓட வைப்பது யார், எந்த அறிவைக் கொண்டு?

இக்கார்கள் தீவுக்கு வரும் வழியைக் காண்போம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கான செலவைத் தவிர்க்க விரும்பும் பலர் நன்றாக ஓடும் நிலையிலேயே காரை விற்றுவிடுகிறார்கள். அவை ஏலக்கூடங்களுக்குச் செல்கின்றன. ஜப்பானைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டும் முன்னாள் பிரித்தானியக் குடியேற்றங்கள் அவற்றை வாங்குகின்றன. டிரினிடாட்டில் இவற்றுக்கு ‘ஃபாரின் யூஸ்டு’ என்று பெயர். ஜமைக்காவில் இத்தகைய கார்களை ‘டிபோர்ட்டி’ என்றார்கள். நாடுகடத்தப்பட்டவர் என்பது அச்சொல்லின் பொருள். பிறந்த நாடு வேண்டாமென்று அனுப்பிவிட்ட ஒன்று என்ற கேலியோடு, தன்னைக் காப்பார் எவருமின்றி வந்து நிற்பது என்ற உண்மையும் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது.

சாதாரண பெட்ரோல் காராக இருந்தால் இந்த ஆதரவின்மை பெரிய இடராக இராது. எண்ணெய் மாற்றுவதும் பிளக்கைத் துடைப்பதும் உலகெங்கும் ஒன்றே. ஹைபிரிட் அப்படியன்று. 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா அக்வாவை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னிருக்கையின் அடியில் 144 வோல்ட் நிக்கல் மின்கலத் தொகுப்பு இருக்கிறது. மோட்டாருக்குச் செல்லும்முன் அந்த மின்னழுத்தம் 500 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தப்படுகிறது. மின்கலத்தைக் குளிர்விக்க ஒரு சிறு மின்விசிறி, பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே காற்றை இழுக்கிறது. காற்று நுழையும் துளை பின்னிருக்கையின் ஓரத்தில் இருக்கும். அதன்மீது ஒரு பையை வைத்துவிட்டால் போதும், மின்கலம் மூச்சுத்திணறும்.

இந்தத் துளைக்கும் சகாரா பாலைவனத்துக்கும் தொடர்புண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் பாலைவனத் தூசி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஆண்டுதோறும் கரீபியத் தீவுகளின் மேல் படிகிறது. வானம் மங்கும், மூச்சுநோய் உள்ளவர்கள் அவதியுறுவார்கள். அதே தூசி வீட்டுக்குள் வருவதுபோலக் காருக்குள்ளும் வந்து மின்விசிறியை அடைக்கிறது. வெப்பமண்டல வெயிலில், குளிர்காற்று குறைந்த மின்கலம் விரைவில் மூப்படையும். அவ்வப்போது கழற்றித் துடைத்தால் தீரும் வேலை இது. ஆனால் அதைச் சொல்லும் பக்கம் ஜப்பானிய மொழிக் கையேட்டில் இருக்கிறது. பல கார்களில் அந்தக் கையேடுகூட வருவதில்லை.

பிரேக்கும் இத்தகையதே. ஹைபிரிட் காரில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தை மின்சாரமாக்கிச் சேமிக்கிறது. ஆகையால் பிரேக் பேடுகள் மெதுவாகவே தேய்கின்றன. மலிவான பராமரிப்பு என்று விற்பவர் சொல்வது பொய்யன்று. ஆனால் உராயாத இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கேலிப்பரின் ஊசிகள் இறுகி, பேடு இருந்தும் பிரேக் சரியாகப் பிடிக்காத நிலை வரலாம். கடலோரத் தீவில் தேய்மானத்தைவிடத் துருவையே முதலில் பார்க்க வேண்டும். வெள்ளம் இன்னொன்று. 2018 அக்டோபரில் கரோனி சமவெளியிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கார்களும் நீரில் மூழ்கின. பின்னிருக்கை வரை நீர் ஏறிய ஹைபிரிட் காரை, உலர்ந்துவிட்டது என்று நம்பித் திறப்பது உயிரோடு விளையாடுவதாகும். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, மின்காப்புக் கையுறை இல்லாமல் தொடலாகாது என்பதை ஒருவர் எங்கிருந்தேனும் கற்றிருக்க வேண்டும்.

இங்கே மொழியின் கதை ஒரு விந்தையான திருப்பம் கொள்கிறது. அந்தத் திரையில் தோன்றும் சொற்களில் பல உண்மையில் ஆங்கிலச் சொற்களே. எஞ்சின் ‘என்ஜின்’ என்றும், பிரேக் ‘புரேகி’ என்றும், பேட்டரி ‘பத்தெரீ’ என்றும், ஹைபிரிட் ‘ஹைபுரித்தோ’ என்றும் ஜப்பானியரிடம் வழங்குகின்றன. பெரும்பாலும் அயற்சொற்களுக்கு வழங்கும் கதகனா எழுத்தில் அவை எழுதப்படுகின்றன. ஆங்கிலம் பேசும் டிரினிடாட்காரர் காதால் கேட்டால் ஊகித்துவிடக்கூடிய சொல், கண்ணால் பார்க்கும்போது ஊமையாகிவிடுகிறது. இரு சமூகங்களும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன, இடையில் எழுத்து மதிலாக நிற்கிறது. இம்மதிலைத் தகர்க்க பெரிய மொழிபெயர்ப்புத் திட்டம் எதுவும் தேவையில்லை. எச்சரிக்கைச் செய்திகளுக்கான சில பக்கப் பட்டியல் பாதிவேலையை முடித்துவிடும்.

எண்களும் இவ்வாறே ஊமையாகின்றன. ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு உலகின் பிற சந்தைகளில் வழங்கும் 17 இலக்க அடையாள எண் இல்லை. அக்வாவுக்கு ‘என்எச்பி10’ என்று தொடங்கும் சட்டக எண் மட்டுமே உண்டு. 17 இலக்கம் கேட்கும் உதிரிபாகப் பட்டியலில் அந்தக் கார் இல்லாத காராகிவிடுகிறது. இதன் கொடிய விளைவு, தயாரிப்பாளர் குறைபாட்டைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்புகளில் தெரிகிறது. டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்து உலோகச் சிதறல்களைத் தெறிக்கவிட்டதால், உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நீடித்த வெப்பமும் ஈரப்பதமும் அக்குறையை முற்றவைப்பவை. கரீபியத் தட்பவெப்பம் அதுதான். அறிவிப்புக் கடிதமோ ஜப்பானில் பதிவான முகவரிக்குப் போகும். காரின் இன்றைய உரிமையாளர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால், ஆபத்தை மடிக்கு நேரே வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார்.

சந்தை தானாகவே இவற்றைத் தீர்த்துக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. காணொளிகளைப் பார்த்தும், ஒருவருக்கொருவர் கேட்டும், குறியீட்டுக் கருவிகளை வாங்கியும் தீவின் மெக்கானிக்குகள் தாமாகவே கற்றுக்கொண்டவை ஏராளம். அவர்களுடைய உழைப்பில்லாமல் இக்கார்களில் பல என்றோ பழைய இரும்பாகியிருக்கும். ஆனால் தானாகக் கற்கும் அறிவு, பலன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் வேகமாகச் சேரும். ‘பி0ஏ80’ என்ற குறியீட்டைக் கருவி காட்டும்; மின்கலத் தொகுப்பை மாற்றுக என்பது அதன் பொருள். செலவுக்கு அஞ்சி, இருபது கட்டங்களில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறார்கள். கார் ஓடுகிறது, உரிமையாளர் மகிழ்கிறார். ஆனால் மீதி பத்தொன்பதும் அதே வயதினவை, அதே வெப்பத்தில் வாடியவை. சில மாதங்களில் அடுத்தது சோரும். இதில் எவரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல இயலாது. சரியான வேலை எது, தற்காலிக வேலை எது என்று இருவரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவுகோல் இல்லை என்பதே குறை. அந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர், கடன் வாங்கிக் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பத்தினர்.

ஹைபிரிட் என்பதே இடைக்காலப் பொருள், முழு மின்சாரக் கார் வந்ததும் இப்பேச்சு காலாவதியாகிவிடும் என்பது மற்றொரு வாதம். மின்சாரக் காரில் மின்கலம் இன்னும் பெரியது, விலை இன்னும் அதிகம், திரையில் எழுத்து இன்னும் மிகுதி. இன்று ஹைபிரிட்டில் தீர்க்காத சிக்கல் நாளை பெரிதாகி வரும். ஹைபிரிட் கார்கள் அத்தீவுக்கு ஒரு பயிற்சிக் களமாக அமைந்திருக்கின்றன. பாடம் கற்காமல் களத்தை விட்டு வெளியேறுவதில் பொருளில்லை.

செய்யவேண்டியவை எட்டாக்கனிகளும் அல்ல. பழைய கார் இறக்குமதிக்கு அங்கே உரிமமும் ஒதுக்கீடும் ஏற்கெனவே உள்ளன. அவற்றோடு நான்கு நிபந்தனைகளைச் சேர்க்கலாம். முதலாவது, ஒவ்வொரு மாதிரிக்கும் எச்சரிக்கைச் செய்திகளும் அடிப்படைப் பராமரிப்பும் அடங்கிய ஆங்கிலச் சுருக்கக் கையேட்டை இறக்குமதியாளர் தரவேண்டும். இரண்டாவது, சட்டக எண்ணைக் கொண்டு திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்த பின்னரே பதிவு செய்யவேண்டும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அந்தத் தேடலை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, விற்பனையின்போது மின்கலத்தின் நிலையை அளந்து எழுத்தில் தரவேண்டும். நான்காவது, உயர் மின்னழுத்த வேலைக்குத் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் வழியே சான்றிதழ் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தாமாகக் கற்றவர்களைப் புறந்தள்ளாமல், அவர்கள் அறிவைச் சோதித்து ஏற்கும் சான்றிதழாக அது இருக்கவேண்டும். இவற்றால் காரின் விலை சற்றுக் கூடலாம். மறைந்திருந்த செலவு விலைச்சீட்டில் வெளிப்படுகிறது என்பதே அதன் பொருள்.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரக் கதையும் அன்று. இதே ஜப்பானியக் கார்கள்தான் இலங்கையின் சாலைகளிலும் ஓடுகின்றன. அக்வாவும் வெசலும் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் பழகிய பெயர்கள். செலாவணி நெருக்கடியில் 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய கார் வருமென்ற நம்பிக்கை இல்லை. இருக்கும் காரைப் பேணத் தெரிந்த கைகள் மட்டுமே இருந்தன. செலாவணிக்கு அஞ்சும் எந்தத் தீவுக்கும் அத்தகைய ஆண்டுகள் வரக்கூடும். இறக்குமதிக் கதவு மூடப்படும்போது, அதுவரை சேர்த்துவைத்த அறிவு ஒன்றே உள்ளே எஞ்சியிருக்கும். துறைமுகத்தில் இறங்கும் கார்களை எண்ணும் அரசு, அவற்றைத் திறந்து மூடத் தெரிந்தவர்களையும் எண்ணத் தொடங்கவேண்டும்.