நள்ளிரவுத் தலைவலிக்கு ஊருக்குள்ளேயே ஆக்சிஜன்

நள்ளிரவு ஒரு மணி. தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுகிறார். கண்ணுக்குப் பின்னால் கடப்பாரையை விட்டு நெம்புவது போன்ற வலி. அந்தக் கண் சிவந்து நீர் கொட்டுகிறது. அதே பக்க மூக்கு அடைத்துக்கொள்கிறது. படுக்க முடியாமல் வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடக்கிறார், சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார். ஒரு மணி நேரத்தில் வலி விட்டுவிடுகிறது. மறுநாள் இரவு, கடிகாரம் பார்த்து வந்ததுபோல அதே நேரத்துக்கு மீண்டும் வருகிறது. இதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர். சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது, ஆண்களிடம் அதிகம். ஒரு முறை வந்தால் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நிற்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரும். வாரக்கணக்கில் வாட்டிவிட்டுக் காணாமல் போகும். அடுத்த ஆண்டு திரும்பி வரும்.

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கும் பிரம்மதேசத்தில் ஒருவருக்கு இது வந்தால் என்ன செய்வார்? அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, வண்டியில் ஏறித் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வலி முடிந்திருக்கும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இன்னும் தொலைவு. அங்கே மருத்துவர் முன் உட்காரும்போது வலியே இருக்காது. பகலில் போனால் சைனஸ் என்பார்கள், பல் என்பார்கள். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்ட நோயாளிகள் உலகெங்கும் உண்டு. சரியான பெயர் தெரிய ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வலியைத் தணிக்க எளிய மருந்து ஒன்று இருக்கிறது. அது ஆக்சிஜன். 1950களிலேயே அமெரிக்க மருத்துவர் பேயர்ட் ஹார்ட்டன் இதைப் பயன்படுத்தினார். 1981-இல் லீ குட்ரோ முறையாக ஆய்ந்து எழுதினார். ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது 2009-இல் வெளியான லண்டன் ஆய்வு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி சில தாக்குதல்களுக்கு ஆக்சிஜனும் சிலவற்றுக்கு வெறும் காற்றும் கொடுத்தார்கள். 15 நிமிடத்தில் வலி அடங்கியது ஆக்சிஜனில் 78 சதவீதம், காற்றில் 20 சதவீதம். சுமட்ரிப்டான் ஊசியும் வேலை செய்யும். ஆனால் இதய நோயாளிக்கு அதைப் போடக்கூடாது, ஒரு நாளுக்கு இரண்டுக்கு மேலும் கூடாது. எட்டு முறை வலி வருபவர் மிச்ச ஆறு முறைக்கு என்ன செய்வார்? ஆக்சிஜனுக்கு அந்தக் கட்டு இல்லை.

கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த முகமூடி வழியாக, நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, 15 நிமிடம். மூக்குக் குழாயில் இரண்டு மூன்று லிட்டர் விட்டுவிட்டு ‘ஆக்சிஜனுக்கும் கேட்கவில்லை’ என்று சீட்டில் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டிகளில் பல நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும். இதற்கு அவை போதாது. சிலிண்டரே வேண்டும். கணக்குப் பார்த்தால் பெரிய செலவில்லை. நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஒரு தடவைக்கு 180 லிட்டர். 1,500 லிட்டர் பிடிக்கும் சின்ன சிலிண்டர் எட்டுத் தடவைக்கு வரும். 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் முப்பதைத் தாண்டும்.

2021 இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக நாடு பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அதன் பிறகு பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி ஆலைகள் நாடெங்கும் மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிலிண்டர் இருக்க வேண்டியது விதி. 108 வண்டியிலும் இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காமல், இந்த வலிக்கும் அதைத் திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்காக எல்லாத் தலைவலிக்கும் ஆக்சிஜன் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. நம் ஊரில் ஒரு பக்கம் வலித்தாலே ‘ஒத்தத் தலைவலி’ என்கிறோம். அதில் பெரும்பான்மை மைக்ரேன். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுக்கப் பார்ப்பார். கொத்துத் தலைவலிக்காரரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. இந்த ஒரு கேள்வியைச் செவிலியர் கேட்டாலே பாதி தெளிவு பிறக்கும். 2012-இல் துருக்கியில் அவசரப் பிரிவுக்கு வந்த எல்லா வகைத் தலைவலிக்கும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. ஆனாலும் மைக்ரேனுக்கு இதை வழக்கமான மருத்துவமாக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. அழுத்த அறையில் உட்காரவைத்து ஆயிரக்கணக்கில் வசூலித்து மைக்ரேனைத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். இடி விழுந்ததுபோலத் திடீரென வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் இழுப்பது ஆகியவற்றுக்கு ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருக்கவே கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடிக்கடி வலி வருபவருக்கு வீட்டிலேயே சிலிண்டர் வேண்டியிருக்கும். வீட்டில் வைத்தால் தீப்பிடிக்கும் என்பது நியாயமான அச்சம். இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் நிறைய. பீடியோடு சிலிண்டர் அருகே போகக்கூடாது என்பதை வீட்டாருக்கே கற்றுத்தர வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உண்டா என்று பார்த்த பிறகே எழுதிக்கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இதற்கு வீட்டு ஆக்சிஜன் தர மறுத்து வந்து, 2021-இல்தான் அந்தத் தடையை நீக்கியது. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதே 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்த மாநிலம் இது. நரம்பியல் மருத்துவர் ஒரு முறை உறுதி செய்து சீட்டு எழுதிவிட்டால், அந்தச் சீட்டோடு வருபவருக்கு எந்த நேரமானாலும் 15 நிமிட ஆக்சிஜன் தர வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். பை வைத்த முகமூடி நிலையத்துக்கு நான்கு வாங்கி வைக்கட்டும். வலிக் காலம் நீளும் நோயாளிக்குச் சின்ன சிலிண்டரை வீட்டுக்கே கொடுக்கக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி செய்யட்டும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.