வவுச்சர் வள்ளல்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

"அவனுக்கு த்ரில்னா உயிர்" என்று, இங்கிலாந்தில் பிறந்தநாளுக்கு சாகச விமானப் பயண வவுச்சர் கொடுக்கிறார்கள். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்! அங்கேதான் எனக்குக் கடுப்பு.

ராட்சத ராட்டினத்தில் கும்மாளம் போடுகிறவன் எல்லாம் இதைத் தாங்குவான் என்று யார் சொன்னது? எக்ஸ்ட்ரா 300 விமானம் 10 ஜி தாங்கும். பயணி? ஒரு சாதாரண லூப்பிலேயே 4 ஜி வந்துவிடும். 60 கிலோ ஆசாமி 240 கிலோவாக சீட்டில் அழுந்துவார். தலையிலிருந்து ரத்தம் இறங்கும், கண் மங்கலாம், வயிறு புரளும்.

எடை வரம்பு வேறு. நண்பனின் எடையை ரகசியமாக எப்படிக் கண்டுபிடிப்பீர்களாம்? மேகம் தாழ்ந்தால் பயணம் ரத்து. தேதி தள்ளித் தள்ளி வவுச்சரே காலாவதியாகும். (காமர்ஸ் புத்தி: பயன்படுத்தாத வவுச்சர் பணத்தை வருமானமாகக் காட்ட ஐஎஃப்ஆர்எஸ் 15-இல் வழி இருக்கிறது. பெயர் 'பிரேக்கேஜ்'. பொருத்தமான பெயர்தான் :-))

அவனிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள். அதிலும் பைலட் வித்தை காட்டும் சவாரி வேண்டாம். ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்துச் சொல்லித்தரும் பாடமாகப் பாருங்கள். தானே ஓட்டுகிறவனுக்குக் குமட்டல் குறைவு.

"சர்ப்ரைஸ் போயிடுமே" என்கிறீர்களா? கேக்கை ஒளித்து வையுங்கள்.