பேசாத பூனையும் பேசும் மனிதரும்

பழைய பாத்திரங்களைப் புதிய உலகிற் குடியேற்றுதல் எளிய காரியமன்று. ஊரை மாற்றலாம், உடையை மாற்றலாம், உயிரை மாற்றாதிருத்தலே அரிது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'டொம் அன்ட் ஜெரி' திரைப்படத்தைப் பார்த்தபோது இவ்வுண்மையே நம் நினைவிற்கு வந்தது.

டொம் என்னும் பூனையையும் ஜெரி என்னும் எலியையும் 1940இல் அமெரிக்காவிற் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவராவர். 1958 வரை அவர்கள் ஆக்கிய 114 குறும்படங்களுள் ஏழு ஒஸ்கார் பரிசு பெற்றன. அவற்றிலே பூனையும் எலியும் பேசுவது மிக அரிது. ஸ்கொட் பிராட்லியின் இசையே அவற்றின் மொழி. வீட்டு மனிதர் வந்தாலும் பெரும்பாலும் காலளவிலேயே தோன்றுவர். ஏனெனில், அஃது எலியின் கண்மட்டத்தில் அமைந்த உலகம். தரையிலே தவழும் குழந்தையும் உலகை அவ்வாறுதானே காண்கின்றது! ஆதலின், எழுத்தறியாப் பேரனும் ஆங்கிலம் அறியாப் பாட்டியும் ஒருங்கிருந்து சிரிக்க முடிந்தது.

1992இல் வந்த முழுநீளப் படம் இவ்விருவரையும் பேசவும் பாடவும் வைத்தது. 2021இன் நெறியாளர் டிம் ஸ்டோரி அவ்வழியிற் செல்லவில்லை. இருவரையும் உரையாட விடாது காத்தமை பாராட்டுக்குரியது. விலங்குகள் யாவும் வரைந்த சித்திரங்கள். மனிதரோ உயிருள்ள நடிகர். நியூயோர்க் நகரின் பெரிய ஹோட்டலொன்றில், யானைகளும் வந்து சேரும் ஆடம்பரத் திருமணத்தின் நடுவே, பழைய துரத்தல் தொடர்கின்றது. அத்துரத்தல் நிகழும்போதெல்லாம் படம் உயிர் பெறுகின்றது.

ஆனால், மனிதரின் வாய் ஓய்வதில்லை. ஹோட்டலில் வேலைக்கமர்ந்த இளம்பெண்ணின் கவலையும் மணமக்களின் மனத்தாங்கலும் கதையைப் பற்றிக்கொள்கின்றன. டொம்மும் ஜெரியும் தம் சொந்தப் படத்திலேயே விருந்தாளிகளாகின்றனர். "என்ன சொல்லுறான் மோனை?" என்று பாட்டி கேட்க நேர்கின்றது. பேரன் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த சிரிப்புக் கடந்துபோய்விடுகின்றது.

பெற்றோர் இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், தீங்கில்லை. பழைய குறும்படம் ஒன்றையும் உடன் காட்டுதல் நன்று. பழங்கதைகளை மேடையேற்ற விரும்பும் மாணவர்க்கும் இங்கு ஒரு பாடம் உண்டு. கதையை எந்தக் காலத்திற்கு மாற்றுவதென்று எண்ணுமுன், மூலக்கதை யாருடைய கண்ணால் உலகைப் பார்த்தது என்று கேளுங்கள். அந்தக் கண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.