மேட்டு லயம்

பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்கு 64 படி. விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறியவள் நான். இப்போது மூன்று இடத்தில் குந்துகிறேன்.

2021 ஓகஸ்டில் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் 16 நாள் ஒட்சிசனோடு கிடந்தேன். பிழைத்தது பெரிய காரியம்தான். ஆனால் காய்ச்சல் விட்டதோடு வருத்தமும் விட்டுவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறதாம். தழும்பு விழுந்த இடம் விறைத்துப்போகும். மூச்சை இழுத்தாலும் விரியாது, ஒட்சிசன் இரத்தத்தில் இறங்காது.

கிளினிக்கில் இரண்டு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்த பிறகு விரலில் கருவியை மாட்டுகிறார்கள். 95 காட்டுகிறது. "நல்லாத்தானே இருக்கீங்க அம்மா" என்று அட்டையைத் தந்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவளுக்கு 95 வராமல் என்ன வரும்? கூடையோடு நாலாம் நம்பர் மலையில் ஏறும்போது மாட்டிப் பாருங்கள்! ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளக்கும் முறை ஒன்று உலகமெல்லாம் இருக்கிறது. அதற்கு நீளமான வராந்தாவும் ஒரு மணிக்கூடும் போதுமே. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கே அப்படியென்றால் என்னுடையதற்கு?

எனக்கு வருத்தம் வந்த அதே வருஷம் மார்ச்சில்தான் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. எங்கள் தோட்டத்தில் கொழுந்துக் கணக்கும் கூடவே 18 கிலோவுக்கு ஏறியது. நான் எடுப்பது 11, நல்ல நாளில் 12. அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். "சொகமாகித்தானே வந்தீங்க அக்கா" என்கிறார் கங்காணி. அவரைக் குறைசொல்லி என்ன செய்வது, அவரிடம் கணக்குக் கேட்க மேலே ஆள் இருக்கிறது.

பஸ்ஸில் இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். காசநோய் என்று பயம். தழும்பு யாருக்கும் தொற்றாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மூச்சு ஏது?

வீடு 10க்கு 12 அடிக் காம்பரா. பனியில் நனைந்த தேயிலை மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். புகைபோக்கி கேட்டு மூன்று தரம் எழுதிக் கொடுத்தாயிற்று. மகள் சோறு வடிக்கும்வரை நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு இஸ்தோப்பில் இருக்கிறேன். அடிக்கிற ஆடிக் காற்றில் இருமல் கிளம்பினால் உள்ளே போகிறேன், புகையில் கிளம்பினால் வெளியே வருகிறேன்.