சுசீலா யார் என்று கேட்கலாமா?

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தைத் தேடிப் போகிறவருக்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று சாலைக் கடைத்தெரு. நடந்தே போய்விடலாம். அங்கேதான் ஆ. மாதவன் பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடி கதை எழுதினார். மற்றொன்று கவுடியார். அதற்கு நகரப் பேருந்து ஏற வேண்டும். அங்கே நகுலன் குடியிருந்தார். நகுலன் 2007-லும் மாதவன் 2021-லும் மறைந்துவிட்டார்கள்.

நகுலனைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் முதலில் எழும் கேள்வி அவருடைய நாவலைப் பற்றியதாக இருப்பதில்லை. "அந்த சுசீலா யாருங்க?" என்பதுதான் கேள்வி. கேட்பவர் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கொள்வார். கதையில் ஒரு பெண்ணின் பெயர் வந்துவிட்டால் எழுதியவரின் எதிர்வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அவர் திருமணம் செய்துகொள்ளாதவர் வேறு. கேட்க வேண்டுமா?

டி.கே. துரைசாமி என்பது நகுலனின் இயற்பெயர். 1921-ல் கும்பகோணத்தில் பிறந்தவர், இளமையிலேயே இவ்வூருக்கு வந்துவிட்டார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். சோறு போட்டது அந்த வேலை. எழுத்து போடவில்லை. எழுத்துக்கு அவர்தான் போட்டார். பல புத்தகங்களைக் கைக்காசு செலவழித்தே அச்சிட்டார். பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று அவரைச் சொன்னால் இலக்கிய அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கணக்குப்படி பார்த்தால் அதுதானே உண்மை! வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில், வருமானத்தை எதிர்பாராமல் எழுதியவர் அவர்.

அந்த மிஞ்சிய பொழுதில் அவர் இரண்டு பேரை உண்டாக்கினார். ஒருவன் நவீனன், அவனும் ஓர் எழுத்தாளன். மற்றவள் சுசீலா, நவீனனுக்குக் கிட்டாமல் போனவள். 1972-ல் 'நினைவுப்பாதை' வந்தது. 1974-ல் 'நாய்கள்', 1978-ல் 'நவீனன் டைரி'. பெயர்கள் மாறவில்லை. கவிதை எழுதினாலும் சுசீலா வந்து நின்றாள். நவீனன் டைரி அச்சான ஆண்டில் தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது, மறு ஆண்டுதான் அந்தப் பாதை திறந்தது. ரயிலுக்கு மூத்தவன் நவீனன்! வயதான காலத்திலும் அவர் இவர்களை விட்டுவிடவில்லை.

இப்படி ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் கூட வைத்துக்கொள்வது புதிதல்ல என்று சிலர் சொல்லலாம். சுஜாதாவும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர்தான். 1968-ல் 'நைலான் கயிறு' தொடரில் வந்த கணேஷ், பிறகு வசந்தையும் சேர்த்துக்கொண்டு எத்தனையோ தொடர்களில் வாதாடினார். ஆனால் கணேஷ் முழுக்க சுஜாதாவுக்குச் சொந்தமில்லை. பாதி வாசகர்களுக்குச் சொந்தம். அடுத்த கதை எப்போது என்று பத்திரிகை கேட்கும், வாசகர் கடிதம் கேட்கும். வசந்த் கிண்டலாகப் பேசியாக வேண்டும். கணேஷுக்கு வயது ஏறவே கூடாது. இங்கிலாந்தில் கானன் டாயில் பட்ட பாடு தெரிந்ததே. ஷெர்லக் ஹோம்ஸ் மீது அலுப்புத் தட்டி 1893-ல் அவனை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். ஜனங்கள் விட்டார்களா? 1903-ல் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சுசீலாவை யாரும் கேட்கவில்லை. அவள் வராவிட்டால் எந்தப் பத்திரிகையும் தந்தி அடித்திருக்காது. இருந்தும் அவர் அவளை விடவில்லை. கேட்க வேண்டிய விஷயம் இதுதான். அவள் எந்தத் தெருவில் இருந்தாள் என்பதல்ல, ஒருவருக்கும் வேண்டாத ஒருத்தியை ஒரு மனிதர் ஏன் இத்தனை காலம் எழுதினார் என்பதே கேள்வி.

எழுதித் தீரவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஐம்பது வயதில் அந்தப் பெயரைச் சொல்லும்போது அது ஓர் இழப்பு. அறுபதைத் தாண்டியபின் அதே பெயர் ஒரு பழக்கம், பேச்சுத் துணை, சில சமயம் வெறும் ஓசை. ஆள் ஒன்றாக இருந்தால்தான் தன்னிடம் ஏற்பட்ட மாறுதலை எழுதுகிறவன் அளக்க முடியும். கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தை ஆண்டுதோறும் கோடு போட்டுப் பார்ப்பது போல. கதவு நிலையை மாற்றிக்கொண்டே இருந்தால் கோட்டுக்கு அர்த்தமில்லை.

இதில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. நகுலனின் நாவல்களில் சில பக்கங்கள் வாசகரைச் சோதிக்கும். சொன்னதே திரும்ப வரும், பேசுவது யார் என்று புரியாது. கட்டுப்படுத்த ஒரு பத்திரிகை ஆசிரியர் இல்லாததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்துத்தான் அவர் தம் சுதந்திரத்தை வாங்கினார்.

போர்ச்சுகலில் இவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. லிஸ்பனில் வியாபாரக் கம்பெனிகளுக்கு அயல்நாட்டுக் கடிதங்கள் எழுதிப் பிழைத்த பெர்னாண்டோ பெஸ்ஸோவா, கற்பனைக் கவிஞர்கள் பலரை உண்டாக்கி அவர்கள் பெயரில் எழுதினார். பிறந்த தேதி கொடுத்தார், ஜாதகம்கூடக் கணித்தார். அவர் உண்டாக்கிய ஆட்களில் ஓர் உதவிக் கணக்கரும் உண்டு. 1935-ல் அவர் இறந்தபின் ஒரு பெட்டி நிறையக் கையெழுத்துத் தாள்கள் கிடைத்தன. இருபத்தையாயிரம் பக்கத்துக்கு மேல்! அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள், "இவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வரிசைப்படுத்திப் பதிப்பித்தார்கள்.

இதை இங்கே இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் வாழும் தமிழர்களில் எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள். நீல. பத்மநாபன்கூட மின்வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டுதான் 'பள்ளிகொண்டபுர'த்தின் அனந்தன் நாயரை இந்நகரத் தெருக்களில் நடக்கவிட்டார். இப்போது எழுத வருகிறவர் ஒரு கதை எழுதுகிறார். பத்திரிகை திருப்பி அனுப்புகிறது. உடனே அந்தக் கதையில் வந்த ஆளையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுகிறார். வீட்டில், "இதனால் என்ன லாபம்?" என்ற கேள்வி வேறு. லாபம் கேட்காதவருக்கு மட்டும் ஓர் உரிமை இருக்கிறது. தாம் படைத்த ஆளை வேண்டும்வரை வைத்துக்கொள்ளலாம், கிழவனாக்கலாம், பேசாமல் பத்து வருடம் உட்கார வைக்கலாம். சம்பளத்துக்குத் தொடர்கதை எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

இவ்வூர்த் தமிழ்ச் சங்கமும் நூலகங்களும் ஒரு காரியம் செய்யலாம். நகுலனின் புத்தகங்களை வெளிவந்த ஆண்டு வரிசையில் ஒரே அடுக்கில் வைக்கலாம். 'நினைவுப்பாதை'யில் தொடங்கி ஒருவர் வரிசையாகப் படித்துக்கொண்டு போகட்டும். மூன்றாவது புத்தகத்துக்கு வருவதற்குள் சுசீலாவின் விலாசத்தைக் கேட்க அவருக்கே தோன்றாது.