தலைமன்னாரில் ஒரு வார இறுதி

நண்பர்கள் நால்வர் கூடி, எங்காவது இரண்டு நாட்கள் போய்வருவோம் என்று பேசத் தொடங்கினால், மலையகத்தில் பிறந்தவர்களின் பேச்சு எப்போதும் கடலில்தான் போய் முடியும். குளிரிலும் மழையிலும் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது வெயிலின் மறுபெயர். கரையோர நகரங்களில் வாழ்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவைத் தேடி வருகிறார்கள். நாங்களோ அவர்கள் விட்டுவந்த கரையைத் தேடிப் போகிறோம்.

போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதி ஒன்றில் நாங்களும் அவ்வாறு புறப்பட்டோம். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நான்காவது ஆள் நான். நால்வருமே றொசல்லயைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயத்துக் காம்பராக்களில் பிறந்தவர்கள். நீர்கொழும்பு, பெந்தோட்டை, திருகோணமலை என்று வழக்கமான பெயர்கள் எல்லாம் வந்து போன பின்னர், வங்கி நண்பர் தலைமன்னார் என்றார். "அங்கே சனக்கூட்டம் இருக்காது. மீன் மலிவு. நிம்மதியாக இருக்கலாம்" என்பது மட்டுமே அவர் சொன்ன காரணம். வேறு நோக்கம் எதுவும் எங்களுக்கு இருக்கவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னரே வான் புறப்பட்டது. கண்டியைக் கடந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, தம்புள்ளை, அனுராதபுரம், மதவாச்சி என்று போய்க்கொண்டிருந்தோம். மதவாச்சியில் தேநீர் குடிக்கும்போதுதான் வரலாறு கற்பிக்கும் ஆசிரிய நண்பர், "நாங்கள் வந்த வழியையே தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இதே திசையில், காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட தெய்வம்தான் மாத்தளை மாரியம்மன். நாங்கள் வானில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒரே பகலில் கடந்த தூரம் அது. மலையக வரலாற்றின் 200ஆவது ஆண்டை முன்னிட்டு 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையைச் சென்றடைந்தது. தார் வீதியும் தண்ணீரும் இருந்தும் அதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் தேவைப்பட்டது.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கின்றன. அருகே வெளிச்சவீடு. எதிரே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் தனுஷ்கோடி. 1914ஆம் ஆண்டில் இரு கரைகளிலும் ரயில் பாதைகள் வந்து சேர்ந்து, இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் தோட்டங்களுக்கு ஆள் வரும் பெருவழியாக இத்துறை மாறிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றுபோனது. யுத்தத்தில் அழிந்த ரயில் பாதை மட்டும் மீள அமைக்கப்பட்டு 2015 மார்ச் 14ஆம் திகதி, இந்தியப் பிரதமர் முன்னிலையில் தலைமன்னாரில் திறந்துவைக்கப்பட்டது.

அத்தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு றொசல்ல ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. 1970களின் பிற்பகுதி, எனக்கு எட்டு வயதிருக்கும். பெரியம்மாவின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்ட நாள். தகரப் பெட்டிகள் மேடையில் அடுக்கப்பட்டிருந்தன. தோட்டமே திரண்டு வந்து நின்று அழுதது. கோச்சி நகர்ந்ததும் அம்மா அதனோடு சேர்ந்து சில அடி தூரம் ஓடினார். "பெரியம்மா எங்கே போகிறார்?" என்று கேட்டதற்கு யாரோ "தலைமன்னாருக்கு" என்றார்கள். தலைமன்னார்தான் இந்தியா என்று நெடுநாட்கள் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த எண்களில் ஒன்றுதான் என் பெரியம்மா. கோத்தகிரியிலிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அக்காவும் தங்கையும் மீண்டும் சந்திக்கவே இல்லை. என் அம்மா இறக்கும்வரை கடலைப் பார்த்ததும் இல்லை. அவருடைய பாட்டனார் கடந்து வந்த கடல், அவருடைய அக்காவை ஏற்றிச் சென்ற கடல், அவருக்கு வெறும் சொல்லாகவே இருந்து முடிந்தது.

அன்று மாலை நாங்கள் தங்கிய விடுதியின் சுவரில், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று தொங்கியது. இராமர் பாலம், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பள்ளிமுனையின் பெருக்க மரம், வங்காலைக்கு வரும் பூநாரைகள், தெருவில் திரியும் கழுதைகள். எல்லாமே பார்க்கத்தக்கவைதாம், நாங்களும் பார்த்தோம். ஆனால் இந்நாட்டுக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நியச் செலாவணி தேடித் தந்த ஒரு சமூகம் இக்கரையில்தான் கால் பதித்தது என்பதற்கு அந்தச் சுவரில் ஒரு வரிகூட இல்லை. விடுதிக்காரரைக் குறைகூற மாட்டேன். நாங்களே மறந்ததை அவர் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

மறுநாள் காலை கடற்கரையில் வலை தெரிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பிமார் எவ்விடம்?" என்று கேட்டார். ஹட்டன் பக்கம் என்றோம். அவர் வலையை மடியில் வைத்துவிட்டு, "உங்கட சனம் கப்பலேறக்கொள்ள நான் பொடியன். அழுகைச் சத்தம் எங்கட வளவு வரைக்கும் கேக்கும்" என்றார். எங்கள் பாடப் புத்தகங்களில் நான் வாசிக்காத வரி அது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். மலையகப் பாடசாலைகள் ஆண்டுதோறும் சுற்றுலா போகின்றன. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, சீகிரியா, அனுராதபுரம் என்று பட்டியல் நீளும். அனுராதபுரம் வரை போகும் பஸ், இன்னும் சில மணி நேரம் ஓடினால் தலைமன்னார். நான் கேட்டறிந்தவரையில், எங்கள் சுற்றுவட்டாரப் பாடசாலைகள் எவையும் அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோனதில்லை. தன் முப்பாட்டி இறங்கிய இடத்தைப் பார்க்காமலேயே ஒரு பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் சித்தியடைந்துவிடுகிறது.

இரவு இதைச் சொன்னபோது வங்கி நண்பர் மறுத்தார். "பிள்ளைகள் கடலைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். அங்கேயும் ஒப்பாரி வைக்கச் சொல்கிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் துயரத்தை அறிந்ததால் நாங்கள் நால்வரும் கடலில் குளிக்காமல் திரும்பிவிடவில்லை. சிறுவர்களைப் போல இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தோம். தெரிந்துகொள்வதும் மகிழ்வதும் ஒன்றையொன்று தின்றுவிடுவதில்லை.

மற்றோர் ஆசிரிய நண்பரின் மறுப்பு இன்னும் கனமானது. "வந்து இறங்கிய இடத்தை நாங்களே அடையாளம் காட்டினால், வந்தேறிகள் என்று சொல்பவர்களுக்கு வசதியாகப் போய்விடாதா?" என்றார். இந்த அச்சம் எங்கள் பெற்றோருக்கும் இருந்தது. அதனால்தான் அவர்கள் பேசவில்லை. ஆனால் அந்த மௌனம் 1948இல் அவர்களைக் காப்பாற்றவில்லை, 1964இலும் காப்பாற்றவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவுகட்ட 2003ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது, மக்கள் தம்மை மறைத்துக்கொண்டதால் அல்ல. உரிமையை உரத்துக் கேட்டதால். அத்தோடு, இத்தீவில் கடல் கடந்து வந்த கதையொன்று இல்லாத சமூகம் எது? மற்றவர்கள் தம் வருகையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் அதைக் குற்றம்போல மறைக்க வேண்டும்?

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் மலையகப் பாடசாலைகளின் சுற்றுலாப் பட்டியலில் தலைமன்னாரைச் சேர்க்கட்டும். நாட்சம்பளத்தில் வாழும் பெற்றோருக்குப் பஸ் கட்டணம் பெருஞ்சுமை என்பதை நான் அறிவேன். ஆனால் மேதினத்துக்குத் தோட்டம் தோட்டமாக பஸ் ஒழுங்கு செய்யத் தெரிந்த எமது தொழிற்சங்கங்களுக்கு, ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளுக்காக பஸ் ஒழுங்கு செய்வது முடியாத காரியமா? கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் வழியில் காட்டலாம்.

ஞாயிறு இரவு ஊர் திரும்பினோம். மறுநாள் காலை நான் சிரட்டையொன்றில் அள்ளி வந்திருந்த தலைமன்னார் மணலை அம்மாவின் புதைகுழியில் தூவினேன். பேத்தி கூடவே வந்து நின்று, "இது என்ன மண் தாத்தா?" என்று கேட்டாள்.

அடுத்த வார இறுதியில் அவளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். பதிலை அங்கே வைத்துச் சொல்வதுதான் முறை.